நிறுவை

முத்தையன்கட்டு வலதுகரை வாய்க்கால் ஓரமாய்
மாதத்தில் இரண்டு செவ்வாய்
என் லான்ட்மாஸ்டர் போகும்.
பழைய இரும்பு, பித்தளை, அலுமினியம்,
பழுதான பற்றரி, உடைஞ்ச பிளாஸ்ரிக் கதிரை...
ஒலிபெருக்கியில் என் குரல்தான்,
தடிமன் பிடித்த நாளில் பதிந்தது.
ஐந்து வருடமாய் அந்த ஊரில் எனக்குத் தடிமன்.

தவமலர் அக்கா படலைக்கு வருவா.
விலை கேட்பா. மற்றக் கடைக்காரன் என்ன விலை என்றும் கேட்பா.
ஒரு வளைந்த ஆணிகூட விற்றதில்லை.

வீட்டுத்திட்டத்து வீடு, இரண்டு அறை.
ஒன்றுக்குள் போக முடியாது.
மற்றதற்குள் பக்கவாட்டில் போகலாம்.
உரப்பை, உரப்பைக்குள் மடித்த உரப்பை.
அடி வெடித்த வாளிகள்,
கொடுத்த நிறுவனத்தின் பெயர் அழிந்து
ஒரு கையோ ஓர் இலையோ மட்டும் மிச்சம்.
வளைந்த ஆணி ஒரு அங்கர் ரின்,
நிமிர்த்திய ஆணி ஒரு ரின்,
நிமிர மாட்டேன் என்றது ஒரு ரின்.

மகள் கோகுலாதேவி வவுனியாவில் படிப்பிக்கிறா.
போன் எடுத்தா:
"அண்ணை, வாற செவ்வாய் அம்மாவுக்கு முல்லைத்தீவில கிளினிக்.
பின்னேரம்தான் வருவா. திறப்பு பக்கத்து வீட்டில.
எல்லாத்தையும் ஏத்துங்கோ. காசு வேண்டாம்.
இது ஒரு வருத்தம் அண்ணை, பெயர் இருக்கு."
பெயரையும் சொன்னா. நாக்கில் நிற்கவில்லை.
மாங்குளத்தில் என் வளவை அந்தப் பிள்ளை கண்டதில்லை.
எனக்கும் அதே வருத்தம்தான்,
பிரதேச சபை அனுமதிப் பத்திரத்தோடு.

ஒன்பது மணிக்குத் தொடங்கினேன்.
முதலில் தூசி வந்தது, பிறகு பூரான்,
பிறகு சுவர்.
இளம்பச்சைச் சுவர்.
வெயில் படாமல், கை படாமல்
வீடு குடிபுகுந்த அன்றைக்கு அடித்த பச்சை.
கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
பார்க்கக் கூடாத எதையோ பார்த்தது போல.

பதினொன்றரைக்குப் படலை கிறீச்சிட்டது.
டொக்டர் வரவில்லையாம்.
ஒரு கையில் கிளினிக் கொப்பி,
மறு கையில் வழியில் பொறுக்கிய குடைக்கம்பி.

சத்தம் போடவில்லை.
பெட்டியைச் சுற்றி ஒருக்கா நடந்தா.
மாத்தளனைப் பற்றி,
விட்டுவிட்டு நடந்ததைப் பற்றி
ஏதோ சொல்லப் போறா என்று
தலையைக் குனிந்து ஆயத்தமாய் நின்றேன்.
"அந்தப் பச்சை வாளிக்குப் பிடி எங்க?"
இவ்வளவுதான்.

தேடி எடுத்துக் கொடுத்தேன்.
இறக்கட்டோ அக்கா என்றேன்.
"ஏத்தின சாமான் உன்ர. கிலோ என்ன விலை?"
"வாங்கிறதோ, விக்கிறதோ?"
"விக்கிறது."
இரும்பு எண்பது என்றேன். நான் வாங்கும் விலை அது.
எழுபது என்றா.
பிறகு உள்ளே போய்
ஒரு நெஸ்டமோல்ட் ரின்னோடு வந்தா.
ஆணி இல்லாத ஒரே ரின்.

தொங்குதராசை வேம்பில் கொழுவினேன்.
ஒரு ரகசியம் சொல்ல வேணும்:
சாக்கின் அடியில் முழங்காலை மெல்லக் கொடுத்தால்
முள் கொஞ்சம் பின்னுக்கு நிற்கும்.
இருபது வருடம் என்னைச் சாப்பிட வைத்த முழங்கால்.
வாங்கும்போது மட்டும் கொடுக்கிறது.
அன்றைக்கு விற்கும்போதும் கொடுத்தேன்,
சாக்குக்குச் சாக்கு, கால் மரத்துப்போகும் வரை.

அவா முள்ளைப் பார்க்கவில்லை,
முழங்காலைத்தான் பார்த்தா.
ஒன்றும் சொல்லாமல்
எண்ணி எண்ணிக் காசு தந்தா, சில்லறை சுத்தமாய்.

பின்னேரம் மூன்று மணிக்குப் பெட்டி வெறுமை.
பச்சைச் சுவர் திரும்ப மறைந்துவிட்டது.
மகளுக்கு என்ன சொல்லுறதென்று தெரியவில்லை,
போன் அடித்தது, எடுக்கவில்லை.
மாங்குளச் சந்தி தாண்டித்தான் கண்டேன்,
சாமான் கட்டின என்ர நைலோன் கயிறு,
புதுக் கயிறு, பதினைந்து முழம்,
அதைக் காணவில்லை.