மிச்சம்

இரண்டாயிரத்து ஐம்பதைத்
தலவாக்கலைக்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள்
அமைச்சின் வேனில்.
டீசல் வேன்தான்.

நகரசபை மண்டபம். முப்பது நாற்காலி,
சுவர் ஈரத்தில் நெளிந்த திரை,
ஆளுக்கொரு மீன்பணிஸ்.
மொழிபெயர்க்க நான்:
அன்றைய கூலி, பஸ் காசு தனி.

திரையில் நாடு தட்டையாகக் கிடந்தது.
டீசல் ஒரு கறுப்புக் கோடு, சரிந்துகொண்டே போனது.
மின்சாரம் பச்சை, ஏறியது.
இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்
விஜேநாயக்க மாத்தயாவின் சிவப்பு ஒளிப்பொட்டு
கொஞ்சம் நடுங்கி நின்றது.
"நிலைமாற்றம்" என்றேன்.
பின்வரிசையில் ஒருவர்
"எந்த கியருக்கு?" என்றார்.

ஐதரசன், உயிரி டீசல், இறக்குமதிச் சுமை
எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருந்தேன்.
முதல்நாள் இரவு லயத்தில் விளக்கணையும் வரை
எழுதிப் பழகிய சொற்கள்.
பணிஸ் பொட்டலங்களின் சரசரப்பில்
அவை ஒவ்வொன்றாக இறங்கிப் போயின.

பிறகு படிவம்.
ஏழாவது கேள்வி: ஒரு லீட்டருக்கு
எத்தனை கிலோமீற்றர்?

அங்கமுத்து எழுந்தார்.
இருபத்திரண்டு வருசம் தேயிலை லொறி.
எண்ணெய் இல்லாத அந்த வருசம்
பெற்றோல் செட் வரிசையில் நான்கு இரவு
ஸ்டியரிங்கில் தலைவைத்துத் தூங்கியவர்.
"எறங்கையிலயா, ஏறையிலயா?"

படிவத்தில் ஒரே கட்டம்.
சராசரி போடச் சொன்னார் மாத்தயா.

"சராசரியில ரோடு இல்லீங்க.
கினிகத்தேன வளைவுல சராசரியா ஓட்டுனா
பள்ளத்துலதான் கெடப்போம்."

சிரிப்பு அடங்குமுன் இன்னொன்று கேட்டார்:
கரண்டு லொறி
எறக்கத்துல என்ன செய்யும்?

இளம் பொறியியலாளர் ஹிருணி
முதல்முறையாகக் கதிரையை விட்டு எழுந்தாள்.
அவள் சொன்னதை "மீளுற்பத்தித் தடுப்பு" என்றேன்.
யாருக்கும் ஏறவில்லை.
"பிரேக் புடிச்சா பற்றரி நெறையும்."
இப்போது ஏறியது.

அங்கமுத்து விரல் மடித்தார்.
போகையில எட்டு டன் தேயில.
வரையில வெறும் பெட்டி,
மிஞ்சினா அரைலோடு மாவும் சீமெந்தும்.
ஏறுறதவிட எறங்குறது கனம்.
அப்ப,
கரண்டு மிஞ்சுமே?

ஹட்டன் தாண்டி கினிகத்தேனை வரை
கொள்கையளவில் ஆம் என்றாள் ஹிருணி.
அப்புறம் சமதரை, உராய்வு, இழப்பு என்றாள்.
ஒன்றுவிடாமல் சொன்னேன். யாரும் கேட்கவில்லை.
மண்டபம் அந்த ஆமிலேயே நின்றுவிட்டது.

"அந்த மிச்சம் யாருக்கு?"

மூன்று சொல்.
சிங்களத்திலும் மூன்றுதான்.
இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று
என் வாய் உலர்ந்தது.

எங்கள் பக்கத்தில் எல்லாம்
இறங்கித்தானே போயிருக்கிறது.
கொழுந்து போயிற்று, ஆறு அணைக்குள் போயிற்று,
கம்பியேறி அதே ஆறு கொழும்புக்குப் போயிற்று.
பதினேழு வயதில் என் தம்பி
செட்டித்தெருக் கடையொன்றுக்கு.
அத்தனை பாரமும் இறங்கிய சூட்டை
யாரும் எந்தப் பற்றரியிலும் பிடித்துவைக்கவில்லை.

மாத்தயா குறிப்பேட்டில் எழுதினார்:
இறக்கம் பற்றி ஒரு கருத்துக் கூறப்பட்டது.

திரும்பும்போது வட்டவளை வரை
வேனில் எனக்கும் இடம் கிடைத்தது.
ஹட்டனைத் தாண்டியதும் மழைப்புகார்.
சாரதி மிதித்து, விட்டு, மிதித்து
ஒவ்வொரு வளைவாக வேனைக் கீழே இறக்கினார்.
ஹிருணி கண்ணாடியில் நெற்றியை முட்டி
ஏதோ கணக்கில் இருந்தாள்.
பிரேக் கருகும் வாடை
சீட்டுக்கு அடியிலிருந்து மேலே வந்தது.

மாத்தயா கைக்குட்டையை எடுத்தார்.
இது என்ன நாற்றம் என்று
என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்டார்.

"மிச்சம்" என்றேன், தமிழில்.

அன்றைய கூலி முடிந்திருந்தது.
மொழிபெயர்க்கவில்லை.