பதினேழாம் புள்ளி

வின்னிபெக்கில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
பல்கலைக்கழகத் தூணில் ஒட்டியிருந்த தாளில்
நாற்பது டாலர், பஸ் டிக்கெட், காப்பி குறித்த ஆய்வு.
கிழித்தெடுக்க மிச்சமிருந்த
கடைசி நாக்கைக் கிழித்தவன் நான்.

கெய்ட்லின் என்ற பெண் கேட்டாள்:
பன்னிரண்டு மணி நேரமாகக் காப்பி குடிக்கவில்லைதானே?
தேநீர்? கோலா?
இல்லை, இல்லை, இல்லை என்றேன்.
மூன்றில் ஒன்று பொய்.
எது என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கையெழுத்துப் போட்டதும் பெயர் போய்
பதினேழு ஆனேன்.
பக்கத்து நாற்காலியில் பதினாறு, பெயர் ரொமெல்,
விமான நிலையத்தில் விடிய விடியப் பெட்டி ஏற்றிவிட்டு
நேரே வந்திருந்தார்.
எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்ற கட்டத்தில்
கொட்டாவியை விழுங்கிக்கொண்டு
ஏழு என்று எழுதினார்.

வெள்ளை மாத்திரை.
உள்ளே கஃபீனா வெறும் மாவா
எனக்கும் தெரியாது, தருகிற தனக்கும் தெரியாது,
தெரியாமலிருப்பதுதான் முறை என்றாள் கெய்ட்லின்.
அந்த ஆய்வில் நான் இன்றுவரை மதிக்கும்
ஒரே வாக்கியம் அது.

பிறகு திரையில் சொற்கள்.
கரண்டி. பாலம். ஆட்டுக்குட்டி. வாடகை.
இரண்டு விநாடிக்கு ஒன்றாக இருபது.
பத்தொன்பதைத் திருப்பிச் சொன்னேன்.
அவள் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

அவள் கேட்காதது, படிவத்தில் கட்டமில்லாதது:
என் கைபேசி பதினான்காம் லாக்கரில் கிடந்தது.
பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவே
மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள்.
வசுமதியின் கழுத்துக் கட்டி.
என்னால் கேட்க முடியாது, நீ கேள் என்று
என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.
வீட்டில் உட்கார முடியாமல்தான்
நாற்பது டாலருக்கு என்னை விற்க வந்தேன்.
பூட்டச் சொன்னார்கள், பூட்டினேன்.
கரண்டி என்று திரை சொல்ல
இரும்பு அதிர்கிறதா என்று காது சொல்ல
அப்படி ஒரு விழிப்பு
வாழ்நாளில் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

(சாதாரணக் கட்டிதான்.
பஸ் நிறுத்தத்தில் கையுறையைக் கழற்றி
மூன்று முறை கேட்டேன் அந்தக் குரல்பதிவை.)

பதினான்கு மாதம் கழித்துப் பத்திரிகையில்:
இரண்டு கோப்பை காப்பி நினைவாற்றலைக் கூட்டும்.
தேடிப்பிடித்து ஆய்வறிக்கையைத் திறந்தேன்.
இருபத்துநான்கு புள்ளிகள்.
கஃபீன் பக்கம் உச்சாணிக்கொம்பில் ஒன்று,
பத்தொன்பதில் தனியாக.
மாவுப் பக்கம் அடியில் ஒன்று சுருண்டு கிடந்தது,
அது தூங்கிப்போன ரொமெலாகத்தான் இருக்கும்.
எங்கள் இருவரையும் விரலால் மறைத்துப் பார்த்தேன்.
கோடு படுத்துக்கொண்டது.

அதோடு இன்னொன்று.
தினம் நாலு கோப்பை குடிக்கிறவனை
ஒரு ராத்திரி காயப்போட்டு
தலைவலியோடு உட்காரவைத்து
ஒரு மாத்திரை கொடுத்து
பார், தெளிந்துவிட்டான் என்கிறார்கள்.
என் சட்டைப்பையிலிருந்து எடுத்து
எனக்கே மொய் எழுதுகிறார்கள்.

வசுமதி டிகாஷன் இறங்குவதைப் பார்த்தபடி கேட்டாள்:
நிஜமாகவே மாத்திரைதானோ என்னவோ,
பயம்தான் என்று உனக்கு எப்படித் தெரியும்?
இன்னொரு முறை கட்டி வந்து
இன்னொரு முறை மாவு கொடுத்தா பார்க்க முடியும்?
வாயடைத்துப்போனேன்.
அவர்களிடம் இருபத்துநாலு பேர்.
என்னிடம் நான் ஒருவன்.

ஆனாலும் அந்தச் சொற்கள் போகவில்லை.
பனி வாரும்போது வரிசையாக வருகின்றன,
கரண்டி, பாலம், ஆட்டுக்குட்டி, வாடகை,
பத்தொன்பதோடு நின்றுவிடுகின்றன.

விட்டுப்போன அந்த ஒன்று என்னவென்று
மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன்.
பங்கேற்பாளர் எவருடைய விவரத்தையும்
வெளியிட இயலாது என்று
மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது.