வலப்பக்கமாக ஒரு வட்டம்

வட்டகொடை ஸ்டேசனில்
மரக்கறி மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்ததை
உரச்சாக்கில் சுற்றித் தூக்கி வந்தேன்.
மூன்றாம் நாள் டிலுக்‌ஷி
கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போனாள்.
பல் பட்டது.
ரத்தமில்லை, ஆனாலும் லயமே கூடிவிட்டது.

"வெசர் நாயி, கொண்டுபோய் விடு"
ஆறாம் காம்பராக்காரர்.
"வளத்தவன் அடிச்சிருப்பான், புத்தி அப்பிடி"
செபமாலை.
என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே
கொச்சிக்கா என்று பெயர் வைத்தார்.
அவ்வளவு காரம்.

அதன் குற்றங்களை நாங்கள் எண்ணி வைத்திருந்தோம்.
வாசலில் மூன்று படி, இரண்டோடு நின்றுவிடும்:
சோம்பல்.
சோற்றுத் தட்டைச் சுவரோரம் வைத்தால்
பட்டினி கிடக்கும், முற்றத்து நடுவில்தான் தின்னும்:
திமிர்.
மழைக்கு முதல் நாள்
யாருமில்லாத பக்கம் பார்த்து உறுமும்.
அதற்கு மட்டும் எங்களிடம் சொல் இல்லை.

கொழுந்து வாட்டும் மாடியில் இரவு வேலை எனக்கு.
விடியக்காலை நாலு மணிக்கு வந்தால்
உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருக்கும்.
தலை சரியும், திடுக்கிடும்,
மறுபடி நிமிரும்.
நான் பூட்டைத் திறக்கும் சத்தம் இடப்பக்கம்.
அது எழுந்து
வலப்பக்கமாக ஒரு முழு வட்டம் சுற்றி
என்னைப் பார்த்தது.
மறுநாளும் அப்படியே.
அதற்கடுத்த நாள்
சாவியைப் போடாமல் நின்றேன்.

தீவாளி அட்வான்ஸில்
நுவரெலியாவுக்கு ஆட்டோ பிடித்தோம்.
என் ஜாக்கெட் கையைக் கிழித்தது, பரவாயில்லை.
டொக்டர் மிஸ் சின்னப் பிள்ளை.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து
பாதி சிங்களத்தில் பாதி தமிழில்
"எண்ணுங்க அக்கா" என்றார்.
தோளுக்கும் விலாவுக்கும் நடுவே
கல் பொறுக்காத அரிசிபோல்
ஏழு.

யாரோ பன்றிக்குக் கட்டிய துவக்கு.
மேலே தோல் மூடி, மயிர் முளைத்து,
வெளியே ஒன்றுமில்லை.
அதில் ஏதோ ஒன்றின்மேல்தான்
டிலுக்‌ஷியின் கை விழுந்திருக்கிறது.
இத்தனை நாளில் அது
ஒரு தடவைகூட முனகியதில்லை.
முனகியிருந்தால் தெரிந்திருக்கும் என்று
வரும் வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம்
சொல்லிக்கொண்டே வந்தேன்.
அவர் கேட்கவேயில்லை.

ஐந்து வெளியே வந்தது.
இரண்டைத் தொடக்கூடாதாம், நரம்போரம்.

பதினோராம் இரவு, வேலையிலிருந்து வந்தேன்.
நாலு காலும் நீட்டிக் கிடந்தது.
செத்துப்போச்சு என்று நினைத்து
மூக்கருகே கை வைத்தேன்.
சூடு.
குறட்டை.

இப்போது மூன்றாம் படியும் ஏறுகிறது.
மழைக்கு முதல் நாள் இன்னும் உறுமும்.
டிலுக்‌ஷி கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிட்டு
அதன் வலப்பக்கம் போய் உட்காருவாள்,
கையை மடியில் வைத்துக்கொண்டு.

பெயர் சரியில்லை, மாத்தணும் என்றாள்.
முத்து என்று கூப்பிட்டோம்.
பவுன், ராசா, டைகர்.
காது அசையவில்லை.
கொச்சிக்கா என்றதும் எழுந்து வந்தது
வலப்பக்கமாக ஒரு முழு வட்டம் போட்டு,
இனித் தேவையில்லை என்று
யார் அதற்குச் சொல்வது.