குறியீடு 99

பதினான்காம் கேள்வி நான் எழுதியது.
பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை?
வறுமை, நோய், ஆர்வமின்மை, பிற.
நான்கு கட்டம்,
ஏதாவது ஒன்றில் டிக்.

முக்கூடலில் வீடு வீடாய் ஏறி இறங்கியவர்
பிரம்மநாயகம், ஒப்பந்த ஊழியர்,
படிவத்துக்கு நாற்பது ரூபாய்.
'பிற'வில் டிக் போட்டுவிட்டு
ஓரத்தில் பென்சிலால்
என்னவோ கிறுக்கியிருந்தார்.
கிறுக்கலுக்குக் கணினியில் இடமில்லை.
99 என்று தட்டினேன்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
99.

சென்னையில் குழு கூடியது.
'பிற'வை வைத்து ஆணை போட முடியாதே என்று
அடுத்து நின்ற ஆர்வமின்மையை
எடுத்துக்கொண்டார்கள்.
பள்ளிச் சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி.
பள்ளிக்கொரு டிரம் செட்.
அறிக்கையின் நன்றிப் பக்கத்தில்
என் பெயர் பிழையில்லாமல் இருந்தது.

மூன்று வருஷம் கழித்து
எலி கடித்த மூட்டையை
எடைக்குப் போடுமுன் சும்மா பிரித்தேன்.
பென்சில் மங்கவில்லை.
தம்பி.
அடுத்த தாளிலும் தம்பி.
பிறகு, தங்கச்சி கைப்பிள்ளை.
பிறகு, அம்மா கம்பெனிக்கு, தம்பி.
பிறகு வெறும் 'தம்'.
அவருக்கும் கை வலித்திருக்கும்.

பஸ் பிடித்துப் போனேன்.
எட்டரைக்கெல்லாம் பீடிக் கட்டோடு
கம்பெனி வாசலில் அம்மாக்கள் வரிசை.
ஒன்பதேகாலுக்குப் பள்ளி கேட்டைச் சாத்துவார்கள்.
அங்கன்வாடி திறக்கப் பத்து.
நடுவில் கிடந்த முக்கால் மணி நேரத்தில்
கோமு நின்றாள்,
கேட்டுக்கு இந்தப் பக்கம்,
இடுப்பிலிருந்த தம்பிக்கு
சுவர் யானையைக் காட்டிக்கொண்டு.

பிரம்மநாயகம் இப்போது
பேட்டையில் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார்.
"எழுதித்தானய்யா தந்தேன்" என்றார்.
டீ சொன்னார்.

ராத்திரி மெஸ் வாசலில் ஒருத்தி
அரைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
பழுத்தது ஒருபுறம், பூச்சி அரித்தது ஒருபுறம்.
ஆய்வு என்கிற சொல்
அங்கே சாக்கு மேல் கிடந்தது.
நாங்களோ வேகவைத்து இறக்கிவிட்டு
ஆய உட்கார்ந்தவர்கள்.

இரண்டாம் அறிக்கையின் முதல் வரி:
முதல் அறிக்கை தவறு.
'குறைபாடுடையது' என்று திருத்தி வந்தது.
தவறு என்று திருப்பி அனுப்பினேன்.
நான்கு வரைவு இப்படியே போனது.

கடைசியில், ஒரு ஒன்றியத்தில் மட்டும்,
சோதனையாக,
அங்கன்வாடி எட்டு மணிக்கு.

முதல் திங்கட்கிழமை போய் நின்றேன்.
உலகம்மாள் டீச்சர் பூட்டைத் திறந்தார்.
கோமு தம்பியை இறக்கிவிட்டு ஓடினாள்,
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
சந்தோஷப்பட வாயெடுத்தேன்.
டீச்சரின் சேலைக்குப் பின்னால்
அவர் மகள்,
பாதி பின்னிய தலை, கையில் ரிப்பன்.

"நான் எட்டுக்கே வந்துட்டேன், சரி.
இவளப் பள்ளியோடத்துக்கு யாரு கெளப்புவா?"

பையில் பென்சிலைத் துழாவினேன்.
புதுப் படிவத்தில்
ஓரத்தைக் கொஞ்சம்
அகலமாக விட்டிருக்கிறோம்.