நிலத்தடியில் டுக்குடுக்கு

காற்றாலைக்கு வந்த போல்ட்டுகள்.
பெட்டி ஒன்று ஆயிரத்து நானூறு கிலோ.
பதகோனியாவில் பனி உருகும் மாதம்.
ஃபோர்க்லிஃப்டில் ஏறுமுன் ரொசௌரா நடப்பாள்
கையில் ஒரு முறுக்குக் கம்பியோடு,
நேற்று போன தடத்தையே
இன்றுதான் முதலில் பார்ப்பதுபோல.

இங்கே மண்ணுக்குள் ஓர் எலி வாழ்கிறது,
தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு: டுக்கு, டுக்கு.
மேலே புல்.
கீழே தெருத்தெருவாய்ப் பொந்து.
கம்பி ஒரு முழம் சும்மா இறங்கினால் அவள் நிற்பாள்,
நான் சிவப்புக் கொடி நடுவேன்.

இந்தக் காற்றில் பேச்சு நிற்காது,
அதனால் கை.
உள்ளங்கை தரை பார்த்தால்: சுமையை இறக்கு, ஒரு சாணுக்கு மேல் வேண்டாம்.
கட்டைவிரல் பின்னால்: மாஸ்ட்டை உன் பக்கம் சாய்.
முஷ்டி: நில்.
முஷ்டிக்கு மேலே ஆள் கிடையாது,
ஃபோர்மேன் லிபோரியோ உட்பட.

ஏறும்போது சுமை முன்னால்,
இறங்கும்போது வண்டி பின்னோக்கி.
எப்படியும் பெட்டி மேட்டைத்தான் பார்க்கும்.
சரிவில் திருப்பக்கூடாது என்பதை
என் இடது பாதமே சொல்லும்.

கொமொடோரோ பக்கம், ஆறு வருடம் முன்பு,
ஓட்டியது நான். திருப்பியதும் நான்.
வண்டி சாய்ந்தது. குதி என்றது உடம்பு.
உடம்பு பொய் சொல்லும் என்று
யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.
இல்லை, சொன்னார்கள்.
கையெழுத்துகூடப் போட்டேன்.
வயிறு இறுக்குகிறதென்று பெல்ட்டைக் கழற்றியிருந்தேன்.
விழும் பக்கமே குதித்தேன்.

இன்று ஒன்பதாவது பெட்டி.
இரண்டு கொடிகளுக்கு நடுவே
முன்சக்கரம் சட்டென்று அமிழ்ந்தது.
என் முஷ்டி எழுந்தது, தாமதமாக.
அவள் கை பெல்ட் கொக்கிக்குப் போகவில்லை.
ஸ்டியரிங்கை இரு கையாலும் பற்றி
கால்களை ஊன்றி
எதிர்ப்பக்கம் சாய்ந்தாள்,
பேருந்தில் தூங்கி விழுபவனிடமிருந்து
தோளை விலக்கிக்கொள்வதுபோல.
சாண் உயரத்தில் இருந்த பெட்டியின் மூலை
சேற்றைக் கவ்வியது.
அவ்வளவுதான். சாய்வு அங்கேயே நின்றது.

இன்ஜினை அணைத்து
மேட்டுப்பக்கமாக இறங்கி வந்தாள்.
சக்கரத்தருகே கம்பியைக் குத்தினாள்:
முழுசாகப் போனது.
ஓரடி தள்ளி நின்ற என் கொடியைப் பிடுங்கி
அங்கே நட்டாள். எதுவும் சொல்லவில்லை.

ரேடியோவில் லிபோரியோ: எவ்வளவு நேரம் ஆகும்?
நாற்பது நிமிடம், என்றாள்.
பிறகுதான் கவனித்தாள்,
என் முஷ்டி இன்னும் மேலேயே இருப்பதை.
அதைப் பிடித்து இறக்கி, விரல்களைப் பிரித்து
சூடான மாத்தே குடுவையை வைத்தாள்.

காலுக்கடியில் எங்கோ,
டுக்கு.