வெயில் படாத துணி

வேலூரில் எது குறைந்தாலும்
வெயிலுக்குக் குறைச்சலில்லை.
பாலாற்று மணலை வறுத்தது போக,
கொணவட்டத்து மாடிகளில்
வடகத்துக்கும் மிளகாய்க்கும் போக
மீதி கிடக்கிறது கேட்பாரற்று.

ஆனாலும் கொடியில்
சேலைக்கு அடியில் பாவாடை,
பாவாடைக்கு அடியில் என் ஜட்டி.
கல்யாணமான நாளிலிருந்து
நிழலில்தான் காய்கிறது.
காய்கிறது என்பதும் சும்மா சொல்வதுதான்.
விடிகாலையில் தொட்டால் ஜில்லென்றிருக்கும்.
அதையே மாட்டிக்கொண்டு
ஐந்தே முக்கால் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஏழாம் மாசம்.
ஷூ தோலில் ஊசி இறங்கும் இரைச்சலில்
எட்டு மணி நேரம் உட்கார்ந்தபடி.
நைலான் லெக்கின்ஸ். அதற்குமேல் யூனிஃபார்ம்.
அரிப்பு முதலில்
சந்தேகம் கேட்பது போலத்தான் வந்தது.
பிறகு அதட்டியது.
சூப்பர்வைசர் எதிரே நிற்கிறார்.
ஒரு ஷிஃப்டுக்கு இரண்டே பாத்ரூம் டோக்கன்.

டெட்டால் ஊத்திக் கழுவு, என்றாள்
பக்கத்து மெஷின் பரிமளா.
கழுவினேன்.
எரிந்த எரிச்சலில்
ராத்திரி முழுக்க ஃபேனைப் பார்த்துக் கிடந்தேன்.
புள்ள உதைக்குதா, என்றார் தணிகைவேலு.
ஆமாம் என்றேன்.
பிறக்காத பிள்ளைமேல் போட்ட முதல் பழி.

செவ்வாய்க்கிழமை செக்கப்.
ஷாஹிதா சிஸ்டர் என்னைவிட ஆறு வயது சின்னவள்.
எடை பார்த்தாள். பிரஷர் பார்த்தாள்.
வேற எதுனா கீதாக்கா, என்றாள்.
இல்லை என்று எழுந்து
வாசலில் செருப்பை மாட்டி
மறுபடி கழற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

தயிர் திரிஞ்ச மாதிரி, என்றேன்.
அதற்குமேல் வாய் வரவில்லை.
அவள் கதவைச் சாத்தினாள்.

மாசமா இருக்கும்போது வெள்ளைபடறது சகஜம்க்கா.
அரிச்சிக்கிட்டு திரிதிரியா வந்தா அது பூஞ்சை.
ஊறுகாய் ஜாடில ஈரக்கரண்டி போட்டா பூக்குமே, அந்த மாதிரி.
உங்க அழுக்கும் இல்ல, யார் தப்பும் இல்ல.
உள்ளே எதையும் ஊத்தாதீங்க,
வெளியே மட்டும், வெறும் தண்ணி.
துடைச்சா முன்னாலிருந்து பின்னால.
பருத்தி போடுங்க, லூசா. ஈரத்தோட வேணவே வேணாம்.
சர்க்கரை டெஸ்ட் எழுதறேன்,
அது ஏறியிருந்தா இது திரும்பத் திரும்ப வரும்.
டாக்டரம்மா பாத்துட்டு உள்ள வைக்கிற மாத்திரை தருவாங்க.
அரிப்பு நின்னாலும் சொன்ன நாள் முழுக்க வைங்க.
நீங்களா கடையில கேட்டு எதையும் முழுங்காதீங்க.

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு
தண்ணீர் குடித்தாள். காதுமடல் சிவந்திருந்தது.
பிறகு மெதுவாக,
துணி எங்கக்கா காயப்போடறீங்க?

இன்று ஞாயிறு.
கொடியின் முன்வரிசையில்
லாங்கு பஜாரில் வாங்கிய மூன்று,
ஒன்று நீலம், இரண்டு சாம்பல்.
எதிர்மாடியில் வடகம் பிழிந்த அம்மா
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து குரல்:
காத்தடிக்குது பாரு, பறந்துடப் போவுது.

கை இன்னும் கூசுகிறது.
கிளிப் போட்டேன்,
ஒன்றுக்கு இரண்டாக.