ஆயுளுக்கும் போதும்

கியர் பெட்டிக்குக் குச்சி இல்லை.
எஞ்சினுக்கு இருக்கிறது, மஞ்சள் வளையத்தோடு.
இழுத்துத் துடைத்துத் திரும்ப விட்டு எடுத்தால்
எண்ணெய் எங்கே நிற்கிறதென்று சொல்லிவிடும்.
இதில் அந்த இடத்தில் ஒரு மூடிகூட இல்லை.
வழவழவென்று அலுமினியம்.

இடது முழங்கால் தேய்ந்து
கிளட்ச் மிதிக்க முடியாமல் போன வருஷம் வாங்கிய வண்டி.
காந்திபுரம் நெரிசலில் கால் சும்மா கிடக்க
அதுவே மாற்றிக்கொண்டது.
தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் வரை
எங்களுக்குள் பேச்சுவார்த்தையே கிடையாது.
அப்புறம் ஒருநாள், இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில்
பின்னாலிருந்து யாரோ தோளை இடித்தார்கள்.

அவினாசி ரோட்டு சர்வீஸ் சென்டரில்
பையன் திரையைப் பார்த்தபடி சொன்னான்:
"அது சீல்டு யூனிட் மேடம். ஆயில் லைஃப் டைம்."
"யாரோட லைஃப்புங்க தம்பி?"
சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்து
கையேட்டைத் திருப்பிக் காட்டினான்.
ஆயுளுக்கும் போதும் என்றுதான் போட்டிருந்தது.
ஆயுள் எத்தனை என்று போடவில்லை.
பெட்டியை மொத்தமாக மாற்ற இரண்டு லட்சத்து எண்பதாயிரம்.
பிரித்துப் பார்க்க?
"பிரிக்க மாட்டோம் மேடம்."

இங்கே நான் ஒன்று சொல்லியாக வேண்டும்.
ஆவாரம்பாளையத்தில் எனக்கொரு பட்டறை இருக்கிறது.
நீர்மூழ்கி மோட்டார், மாசம் அறுபது எழுபது.
போல்ட் தலையில் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைப்போம்.
ஸ்பேனர் பட்டால் வெடிக்கும்.
வெடித்திருந்தால் வாரண்டி இல்லை.
ஸ்டிக்கரில் இருக்கும் வாசகம் நான் எழுதியது.

போன சித்திரையில் மூலனூர் சென்னியப்பன்
எண்ணூறு அடியிலிருந்து ஏற்றிய மோட்டாரை
டெம்போவில் போட்டுக்கொண்டு வந்தார்.
பெயின்ட் வெடித்திருந்தது.
"ஏனுங்க, உள்ள தண்ணி இருக்குதான்னு பாக்கோணுமல்லங்க?
பாக்காம எப்புடீங்க?"
புஷ்ஷை அவரே செய்து போட்டிருந்தார்.
எங்களுடையதைவிட நன்றாக இருந்தது.
ரீவைண்டிங்குக்கு முழுப்பணம் கேட்டேன்.
எண்ணிக் கொடுத்தார்.
நானும் ஒருதரம் எண்ணினேன்.

சனிக்கிழமை, ஆளெல்லாம் போன பிற்பாடு
வண்டியை நாலு ஸ்டாண்டில் ஏற்றி ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து விரித்து மல்லாந்தேன்.
முழங்கால் தன் பங்குக்கு ஏதோ சொன்னது.

முதலில் ஊற்றுகிற வழி திறக்கிறதா பார்க்க வேண்டும்.
வடித்துவிட்டு ஊற்ற வழியில்லாமல் நின்றால்
ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டி ஒரு பிணம்.
திறந்தது.
கீழ் போல்ட்டின் குழி
அறுகோணமும் இல்லை, நட்சத்திரமும் இல்லை,
யாரும் உள்ளே வரக்கூடாதென்று யோசித்த ஒரு வடிவம்.
கோயமுத்தூரில் இது ஒரு தடையா?
பழைய ஷாஃப்ட் துண்டில்
செவ்வாய்க்கிழமையே சாவி செய்தாயிற்று.

ஆயுள் எண்ணெய் வந்தது, கரிச்சட்டி கழுவிய நிறத்தில்.
புதுசில் மாதுளைச் சாறு மாதிரி இருக்கும்.
காந்தத்தில் இரும்புத்தூள், மீசை மீசையாக.
வடிந்ததை அளந்தேன்: மூன்று லிட்டரும் ஒரு டம்ளரும். அவ்வளவே ஊற்றினேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க,
நாற்பது டிகிரி வரும்போது மட்டத்துவாரத்தைத் திறக்கணும்.
எண்ணெய் நூலாக வழிந்தால் சரி.
வைண்டிங் சூடு பார்க்கிற துப்பாக்கியை
அதன் அடிவயிற்றுக்கு நேராகப் பிடித்துக் கிடந்தேன்.
முப்பத்தெட்டு.
முப்பத்தொன்பது.

நூல்.

போல்ட்டை முறுக்கியதும்
கை தானாகப் போய்ச் சிவப்புப் பெயின்ட் ஒரு சொட்டு வைத்துவிட்டது.
துடைக்கலாமா என்று யோசிப்பதற்குள் காய்ந்துபோனது.

இடி முழுசாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது.
அல்லது நான் மெதுவாக மிதிக்கிறேன்.

திங்கட்கிழமை சென்னியப்பனைக் கூப்பிட்டேன்.
அந்தப் புஷ்ஷுக்கு என்ன உலோகம் போட்டீங்க என்று கேட்டேன்.
பின்னால் தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"அதைச் சொல்றதுக்கில்லீங்க அம்மிணி,"
என்றார்.